நான்கு கிண்ணம், சொந்த ஊரில் ஒரு போட்டியும் இல்லை

கொஞ்சம் நீண்ட பதிவு இது. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்த நாளிலிருந்து எங்கள் ஆட்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓயவில்லை. "லங்கா பிரீமியர் லீக்கை ஐந்து தரத்தில் நான்கு தரம் வென்ற ஊர் நாங்கள். எங்களுக்கு மைதானம் தராமல் வேறு யாருக்குத் தருவது?" என்று ஒரு கட்சி. "அது காசு குடுத்து வாங்கின வெற்றி. அந்த அணியில் யாழ்ப்பாணத்துப் பெடியன் எத்தனை பேர் விளையாடினவன்?" என்று மறு கட்சி. பாடசாலையில் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். முதல் கேள்வி, அந்த அணி தன் வெற்றிகளை உழைத்துப் பெற்றதா என்பது. இரண்டாவது கேள்வி, அந்த வெற்றி எங்கள் ஊருடையதா என்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நடந்ததை வரிசைப்படுத்துவோம்

லீக்கின் முதல் பருவம் 2020 நவம்பர் கடைசியில் தொடங்கியது. கொரோனாக் காலம் என்பதால் எல்லாப் போட்டிகளும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இல்லாமல் நடந்தன. அப்போது எங்கள் பெயரில் ஆடிய அணி ஜப்னா ஸ்டாலியன்ஸ். வெளிநாடுகளில் வாழும் முதலீட்டாளர்கள் சேர்ந்து எடுத்த அணி. தலைவர் திசர பெரேரா. டிசெம்பர் 16ஆம் திகதி இறுதிப் போட்டியில் 188 ஓட்டங்கள் எடுத்து, காலி கிளாடியேட்டர்ஸ் அணியை 53 ஓட்டங்களால் வென்றார்கள்.

2021இல் லைக்கா நிறுவனம் அணியைப் பொறுப்பேற்றது, பெயர் ஜப்னா கிங்ஸ் ஆனது. டிசெம்பர் 23ஆம் திகதி அதே அம்பாந்தோட்டையில் அதே காலி அணியை 23 ஓட்டங்களால் வென்றார்கள். அவிஷ்க பெர்னாண்டோ அன்று 63 ஓட்டங்கள். தொடரின் சிறந்த வீரரும் அவரே.

2022 டிசெம்பர் 23, கொழும்பு பிரேமதாச மைதானம். கொழும்பு ஸ்டார்ஸ் 163 ஓட்டங்கள். கிங்ஸ் எட்டு விக்கெட்டுகளை இழந்து, நான்கு பந்துகள் மீதமிருக்கையில் 164ஐத் தொட்டார்கள். மூன்றாவது தொடர் வெற்றி.

2023இல் கண்டி கிண்ணத்தை எடுத்தது. 2024இல் சரித் அசலங்க தலைமையில் கிங்ஸ் திரும்பி வந்தார்கள். யூலை 21ஆம் திகதி காலி மார்வெல்ஸ் எடுத்த 184 ஓட்டங்களை ஒரே ஒரு விக்கெட்டை இழந்து, 26 பந்துகள் மீதமிருக்கத் தாண்டினார்கள். ரைலி ரூசோ 53 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 106, குசல் மெண்டிஸ் ஆட்டமிழக்காமல் 72.

ஐந்து பருவம், நான்கு கிண்ணம்.

அதிர்ஷ்டமா?

இதற்கு ஒன்பதாம் பத்தாம் வகுப்பு நிகழ்தகவே போதும். ஐந்து அணிகளின் பெயரையும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு, வருடத்துக்கு ஒரு தரம் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவோம். ஐந்து வருடத்தில் ஜப்னா என்ற சீட்டு நான்கு தரமோ ஐந்து தரமோ வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஏழுக்கும் குறைவு. ஐந்து அணிகளில் ஏதோ ஒன்றுக்கு அப்படி விழும் வாய்ப்பு என்று தாராளமாகக் கணக்கெடுத்தாலும் நூற்றுக்கு மூன்றரையைத் தாண்டாது. 2022 இறுதிப் போட்டியில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். நான்கையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

காசா?

காசுக் குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. அதற்கு, இந்தக் கேள்வியை நீண்ட காலமாகக் கேட்டுவரும் அமெரிக்கக் கூடைப்பந்து உலகத்தைப் பார்ப்பது உதவும். அங்கே ஒரு அணி தொடர்ந்து வென்றால் அதை 'வம்சம்' என்றே சொல்கிறார்கள். அரச வம்சத்துக்குச் சொல்லும் அதே சொல். எங்களுக்கும் பொருந்துகிறது, எங்கள் அணியின் பெயரே 'அரசர்கள்' தானே. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்த பிறகு இந்த ஊரின் பெயரோடு அரசர் என்ற சொல் சேர்ந்து இவ்வளவு சத்தமாக ஒலித்தது இப்போதுதான் என்று வகுப்பில் பகிடியாகச் சொல்வேன். ஆனால் அரச வம்சத்தில் பிறந்தால் பட்டம் கிடைக்கும். விளையாட்டில் ஒவ்வொரு வருடமும் திரும்ப வெல்ல வேண்டும்.

கூடைப்பந்தின் மிகப் பெரிய வம்சம் பொஸ்டன் செல்ட்டிக்ஸ். 1957 முதல் 1969 வரை 13 பருவங்களில் 11 பட்டம். அதில் 1959 முதல் 1966 வரை எட்டும் தொடர்ச்சியாக. அதன் நடுத்தூண் பில் ரஸ்ஸல். 1956இல் அவரைப் பெறுவதற்காகப் பொஸ்டன் தன்னிடமிருந்த எட் மக்கோலி, கிளிஃப் ஹேகன் ஆகிய இரண்டு நல்ல வீரர்களை சென் லூயிஸ் அணிக்குக் கொடுத்தது. ரஸ்ஸல் பெரிதாகப் புள்ளி குவிப்பவர் அல்ல. எதிரணி எறியும் பந்தைத் தடுத்து, அதைத் தன் ஆட்களின் கைக்கே தட்டிவிடுபவர். அந்தத் திறமையின் விலை மற்றவர்களுக்கு முன்பே பொஸ்டனுக்குத் தெரிந்திருந்தது. அது உழைப்பு, அறிவு. அதே நேரத்தில் காலமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. அந்த வருடங்களில் பெரும்பாலும் லீக்கில் இருந்தவை எட்டு ஒன்பது அணிகள்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. ஒரு தரம் நல்ல அணியைச் சேர்த்துவிட்டால் அது கலையாது.

இன்றைய காலத்து உதாரணம் கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ். 2015, 2017, 2018, 2022 ஆகிய நான்கு வருடங்களில் பட்டம். ஸ்டெஃபன் கரி, கிளே தொம்சன், டிரேமண்ட் கிரீன் ஆகிய மூவரையும் 'டிராஃப்ட்' எனப்படும் இளைஞர் தெரிவில் தாங்களே எடுத்து வளர்த்தார்கள். கிரீன் 35ஆவதாகத் தெரிவானவர். அவருக்கு முன்பு முப்பத்து நான்கு தரம் வேறு ஆட்கள்தான் தெரிவானார்கள். இது உழைப்பு. ஆனால் 2016இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் அணிகளின் சம்பள உச்சவரம்பு 70 மில்லியன் டொலரிலிருந்து ஒரே வருடத்தில் 94 மில்லியனுக்குத் தாவியது. அந்த இடைவெளியில்தான் கெவின் டுரான்ட் என்ற பெரிய நட்சத்திரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். உடனே "வாங்கின பட்டம்" என்ற சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பதில் 2015உம் 2022உம். டுரான்ட் வருவதற்கு முன்பும் வென்றார்கள், போன பிறகும் வென்றார்கள்.

இதே அளவுகோலை ஜப்னா கிங்ஸுக்கு வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு கிண்ணத்திலும் அணியில் வனிந்து ஹசரங்க இருந்தார். 2020இல் தொடரின் சிறந்த வீரர் அவர். 2022இல் அவர் கண்டிக்குப் போய்விட்டார். கிங்ஸ் அவர் இல்லாமலும் வென்றார்கள். 2023இல் அதே ஹசரங்க தொடரிலேயே கூடிய ஓட்டங்களையும் கூடிய விக்கெட்டுகளையும் எடுத்தார், கண்டி வென்றது. ஆக அவர் எவ்வளவு பெரிய பலம் என்பதும் தெரிகிறது, கிங்ஸ் அவர் ஒருவரில் மட்டும் தொங்கவில்லை என்பதும் தெரிகிறது. 2024இல் தலைவரும் வேறு. அப்போதும் கிண்ணம் வந்தது. முதல் மூன்று பருவங்களில் வீரர்கள் டிராஃப்ட் முறையில் பிரிக்கப்பட்டார்கள். 2023இல் ஏலம் வந்தபோது ஒவ்வொரு அணிக்கும் ஒரே அளவு காசு, ஐந்து இலட்சம் டொலர். ஏல மேசையில் யாரும் யாரையும் விடப் பணக்காரன் இல்லை.

சாதகமான காலமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மற்ற அணிகளின் பெயர்களை மட்டும் பாருங்கள். தம்புள்ளை வைக்கிங், பிறகு ஜயண்ட்ஸ், பிறகு ஓரா, பிறகு தண்டர்ஸ், பிறகு சிக்ஸர்ஸ். கொழும்பு கிங்ஸ், பிறகு ஸ்டார்ஸ், பிறகு ஸ்ட்ரைக்கர்ஸ். காலி கிளாடியேட்டர்ஸ், பிறகு டைட்டன்ஸ், பிறகு மார்வெல்ஸ். உரிமையாளர் மாறினால் பயிற்றுநர் மாறுவார், ஆட்களும் மாறுவார்கள். 2024இல் தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதாகி, போட்டி தொடங்கச் சில வாரங்கள் இருக்கையில் அணியே கைமாறியது. அந்தக் குழப்பத்தின் நடுவில் 2021 முதல் ஒரே உரிமையாளர், முதல் நான்கு பருவமும் ஒரே தலைவர் என்று நின்ற அணி ஜப்னா. அண்டை வீட்டுக்காரர் வருடாவருடம் கூரையை மாற்றிக்கொண்டிருக்க, இவர்கள் வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு திறமைதான்.

என் பார்வையில் முதல் கேள்விக்கு விடை: ஆம். அந்த வீரர்களும் பயிற்றுநர்களும் நான்கு கிண்ணத்தையும் உழைத்தே எடுத்தார்கள். "வாங்கின கிண்ணம்" என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எங்களுடையதா?

இரண்டாவது கேள்விதான் எனக்கு நித்திரையைக் கெடுப்பது.

இந்த ஐந்து பருவத்திலும் போட்டிகள் நடந்த இடங்கள் அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை. யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டியும் நடக்கவில்லை. சொந்த ஊர் மண்ணில் ஒரு பந்தும் போடாமல் நான்கு தரம் வென்ற அணி இது.

ஆட்களைப் பாருங்கள். 2020 டிசெம்பரில் யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் தன் முதல் போட்டியிலேயே அஞ்செலோ மெத்தியூஸின் விக்கெட்டை எடுத்தபோது ஊரே துள்ளியது. 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணி, விலகிய ஹசரங்கவின் இடத்துக்கு எடுத்தது அதே வியாஸ்காந்தைத்தான். இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவரை விட்டால், இறுதிப் போட்டிகளின் கதையைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெயர் எதையும் சொல்ல வேண்டி வருவதில்லை. வடக்குப் பெடியன்கள் சிலர் குழாமில் இருந்தார்கள். பெரும்பாலும் வெளியில் இருந்து பார்த்தார்கள்.

வெளியூர் வீரர்களை நான் குறை சொல்லவில்லை. காலியில் பிறந்த ஹசரங்க யாழ்ப்பாணத்தின் பெயரை அணிந்து, இறுதிப் போட்டியில் காலிக்கு எதிராகப் பந்து வீசினார். போர் முடிந்து பதினொரு வருடத்தில் தெற்கின் வீரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்து ஆடினார்கள், நாங்கள் அவர்களுக்காகக் கத்தினோம். அது நல்ல காரியம், அதன் மதிப்பைக் குறைக்க வேண்டாம். பொஸ்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. ரஸ்ஸல் அந்த நகரத்துக்குப் பட்டத்துக்கு மேல் பட்டம் வென்று கொடுத்தார். ஆனாலும் கறுப்பினத்தவர் என்பதற்காக நகருக்கு வெளியே அவர் குடியிருந்த வீட்டை உடைத்து நாசம் செய்தார்கள். 1972இல் அவருடைய இலக்கத்தைக் கௌரவிக்கும் நிகழ்வைக் கூட ஆட்கள் இல்லாத அரங்கில்தான் நடத்தவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். பட்டம் நகரத்தின் பெயரில் இருந்தது. அதை வென்ற மனிதனை நகரம் தன்னுடையவனாக எடுக்கவில்லை. எங்களிடம் வந்தவர்களை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். எங்களிடமிருந்து போகவேண்டியவர்களைத்தான் இன்னும் உருவாக்கவில்லை.

ஊரின் பெயர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கையில் கொண்டுபோக முடிந்தவற்றில் ஒன்று ஊரின் பெயர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள், பண்ணைப் பாலத்தைக் கண்ணால் காணாதவர்கள் கூட, ஜப்னா வென்றபோது பட்டாசு கொளுத்தினார்கள். அந்த அன்பு பொய் இல்லை. ஆனால் அன்பு வேறு, உரித்து வேறு. உரித்து வருவதற்கு அந்த வெற்றிக்குள் எங்கள் வியர்வை கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

அது எப்படி இருக்கும் என்பதற்கு எங்களிடமே உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். 2009, 2018, 2022 ஆகிய ஆசிய வலைப்பந்துப் பட்டங்களை இலங்கை வென்றபோது வளையத்துக்குக் கீழே நின்றவர். எங்கள் ஊர்ப் பாடசாலையில் படித்த பிள்ளையின் கையிலிருந்து போன பந்துகள் அவை. அந்தப் பட்டங்களில் எங்கள் பங்கை யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஏன் கிரிக்கெட்டில் அப்படி இல்லை?

ஆர்வம் இல்லாததாலா? இல்லை. யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. நூற்றாண்டைத் தாண்டிய மரபு. போர்க்காலத்தில் சில வருடங்கள் அதுவும் நின்றது. அந்தக் காலம் முழுக்க ஒரு பிள்ளைக்குத் தோல் பந்தும் துடுப்பும் கிடைப்பதே பாடு. கொழும்புக் கழகம் ஒன்றில் போய்ச் சேர்வது கனவு. 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்ததே 2014இல்தானே.

இன்னொரு காரணம் தரை. எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் சீமெந்துத் தரையில் பாய் விரித்துத்தான் ஆட்டம். பாயில் பந்து ஒரே உயரத்தில் எழும்பும், சுழற்பந்து நன்றாகத் திரும்பும். புற்தரையில் பந்து சில நேரம் தாழும், சில நேரம் தையலில் பட்டு விலகும். காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி. பத்து வருடம் பாயில் பழகிய பிள்ளை தேசிய மட்டத் தெரிவுக்குப் போய் முதல் தரம் புற்தரையில் நின்றால், திறமை இருந்தும் கால் தடுமாறும். எங்களிடமிருந்து முதலில் மேலே போனவர் ஒரு சுழற்பந்து வீச்சாளர் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தீவுப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி கூட. நகரத்தில் பயிற்சி முடிய இருட்டிவிடும். பிறகு பண்ணை தாண்டி வருவதற்குப் பஸ் இராது. திறமையான பிள்ளையை "படிப்பைப் பார்" என்று பெற்றோர் நிறுத்துவது பிள்ளையில் அக்கறை இல்லாமல் அல்ல, வீட்டுக்குத் திரும்பி வர வழி இல்லாமல்.

இப்போது மண்டைதீவு

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க மண்டைதீவில் அடிக்கல் வைத்தார். 40,000 பேர் இருந்து பார்க்கும் அரங்கு என்று அறிவிக்கப்பட்டது. அதே வருடம் இன்னொரு செய்தியும் வந்தது. ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் ஆகிய இரண்டு அணிகளின் உரிமத்தையும் லீக் இரத்துச் செய்தது. அந்த வருடம் நடக்கவேண்டிய தொடரும் ஒத்திவைக்கப்பட்டது. நான்கு கிண்ணம் வென்ற வம்சம் ஒரு கடிதத்தோடு முடிந்தது. ஊரில் வேர் இருந்திருந்தால் உரிமையாளர் போனாலும் அணி நின்றிருக்கும். வேர் இல்லாததால், கடிதம் வந்த அடுத்த நாளும் எங்கள் எந்தப் பாடசாலை மைதானத்திலும் எதுவும் மாறவில்லை.

ஆகவே மைதானம் எங்கள் "வெற்றிக்குப் பரிசு" என்று கேட்பதை விட்டு, வேறு விதமாகக் கேட்போம் என்பதே என் வேண்டுகோள். மூன்று விடயங்கள்:

ஒன்று, பெரிய அரங்குக்குப் பக்கத்தில் பயிற்சிக்கான புற்தரை ஆடுகளங்கள். தீவகப் பாடசாலைகளுக்கு வாரத்தில் நிச்சயமான நாட்கள். பெட்டைகளுக்கும் நாள் ஒதுக்க வேண்டும். பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்று பார்க்க ஒரு மைதானம் எங்களுக்குத் தேவையில்லை.

இரண்டு, பயிற்சி முடிந்து வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் திரும்ப ஒரு பஸ். பல கோடி செலவழிக்கிற இடத்தில் இது பெரிய கேள்வி இல்லை.

மூன்று, தண்ணீர். புற்தரைக்கு நாளாந்தம் தண்ணீர் வேண்டும். எங்கள் தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது மழை இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதப்பது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும், பிறகு கிணறு திரும்பாது. மண்கும்பான், அல்லைப்பிட்டிப் பக்கத்து ஆட்களுக்கு மணல் அள்ளிய இடத்தில் தண்ணீர் என்ன ஆகும் என்று தெரியும். மைதானத்துத் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது என்பதைக் கட்டி முடிக்க முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். கேட்பவனை அபிவிருத்திக்கு எதிரி என்று சொல்ல வேண்டாம்.

ஜப்னா கிங்ஸ் தங்கள் பங்கை உழைத்துப் பெற்றார்கள். எங்கள் பங்கு இன்னும் பாக்கி. பாயில் விளையாடும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பத்து வருடம் கழித்து எங்கள் பெயர் போட்ட சட்டையோடு மண்டைதீவில் ஓடிவந்து பந்து போடும்போது, யாரும் "இது உங்கட வெற்றியா?" என்று கேட்கப்போவதில்லை.

உங்கள் ஊர்ப் பாடசாலையில் இப்போது எந்தத் தரையில் விளையாடுகிறார்கள், பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். பழைய மாணவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் எல்லாரும் எழுதுங்கள். தீவு தீவாகத் தொகுத்து எடுத்தால், கோரிக்கையாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு எங்கள் கையில் ஒரு பட்டியலாவது இருக்கும்.